வாசலில் லாவானம்

அவளை வீட்டில் எல்லோரும் முந்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவாள். பதில் சரியா தப்பா என்பதெல்லாம் அப்புறம். "முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாதே!" என்று அப்பா ஒருநாள் சொன்னார். கொட்டை எப்போதோ உதிர்ந்துபோய், முந்திரி மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவளுக்குப் பத்து வயது. தம்பிக்கு ஐந்து. அவனுக்கு வால் என்று பெயர். ஏன் என்று கேட்கவே வேண்டாம்.

அம்மா தையல் வேலை செய்பவர். வீட்டின் முன்னறைதான் கடை. புதிதாகத் தைப்பதைவிடப் பழையதைச் சரிசெய்வதுதான் அதிகம். நீளமான பேன்ட்டைக் குட்டையாக்குவார், போன ஜிப்பை மாற்றுவார், இளைத்தவர்களின் சட்டையைப் பிடித்துத் தைப்பார், பருத்தவர்களின் சட்டையைப் பிரித்துவிடுவார்.

அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. இயந்திர அறையில் எண்ணெயும் கையுமாக இருப்பார். வருடத்தில் எட்டு மாதம் கடலில்தான். கப்பல் ஏதாவது துறைமுகத்தில் நின்றால்தான் அவருடைய போனுக்கு உயிர் வரும்.

அந்த மாதம் அப்பாவுக்குப் பிறந்தநாள் வந்தது. ஒரு பாட்டுப் பாடிப் பதிவுசெய்து அனுப்பவேண்டும் என்று முந்திரி முடிவுசெய்தாள். எந்தப் பாட்டு என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்போது எந்த ரேடியோவைத் திருப்பினாலும் அந்தப் பாட்டுதான் வந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கும் அது ரொம்பப் பிடிக்கும்.

வாசலில்லா வானமே,
வந்து கொஞ்சம் நில்லு!
தூரத்திலே போனவர்க்கு
நான் சொன்னதைச் சொல்லு!

அதைப் பாடியவருக்கு நூல் போல மெல்லிய குரல். 'சொல்லு' என்ற இடத்தில் அது மேலே மேலே போய், உச்சியில் நின்று நடுங்கும்.

முந்திரியின் குரல் நூல் இல்லை. கொஞ்சம் தடித்த குரல், கொஞ்சம் கரகரப்பு. காலையில் எழுந்தவுடன் அவள் பேசினால், வீட்டுக்கு யாரோ மாமா வந்திருக்கிறார் என்று தோன்றும்.

அதனால் என்ன? ஒரு கை பார்த்துவிடலாம் என்று கிளம்பினாள் முந்திரி. தொண்டையை இறுக்கிக்கொண்டாள். புருவத்தை நெற்றிவரை தூக்கிக்கொண்டாள். 'சொல்லு' வரும்போது குதிகாலைத் தூக்கி விரல்நுனியில் நின்றாள்.

"அக்கா, காலு சுளுக்கிடுச்சா?" என்றான் வால்.

"பேசாம இருடா. நான் மேல் ஸ்தாயிக்குப் போறேன்."

"அது எங்கே இருக்கு? அலமாரிக்கு மேலயா?"

முந்திரி பாட்டை மறுபடி போட்டாள். பாடகி எங்கே இழுக்கிறாரோ அங்கே இழுத்தாள். எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கே மூச்சு வாங்கினாள். நாலு நாளில் தொண்டை புண்ணாகிப்போனது. ஆனால் குரல் நூலாகிவிட்டது.

அந்த வாரம் தபால்காரர் தன் காக்கி பேன்ட்டை வாங்கிப்போக வந்தார். உள்ளறையில் முந்திரி பாடிக்கொண்டிருந்தாள்.

"ரேடியோவாம்மா? கொஞ்சம் சத்தமா வைங்க. நல்ல பாட்டு" என்றார் அவர்.

முந்திரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்றே பதிவுசெய்யத் தொடங்கினாள். முதல் தடவை நடுவில் தையல் இயந்திரம் கடகடத்தது. இரண்டாவது தடவை அடுத்த வீட்டு நாய் குரைத்தது. மூன்றாவது தடவை வாலுக்கு விக்கல். அப்புறம் அவளுக்கே விக்கல். பதினெட்டாவது தடவைதான் எல்லாம் கச்சிதமாக அமைந்தது. அனுப்பிவிட்டு, போனைப் பார்த்தபடியே சாப்பிட்டாள்.

சாயங்காலம் அப்பா பேசிப் பதிவுசெய்த பதில் வந்தது. அம்மா போனை வெட்டும் மேசைமேல் வைத்தார். மூன்று பேரும் சுற்றி நின்று கேட்டார்கள்.

"முந்திரிக் கண்ணு! பாட்டு வந்துச்சு. எனக்குப் பிடிச்ச பாட்டாச்சே, எங்கே தேடிப் பிடிச்சே? ரேடியோவில கேக்கறதைவிடத் தெளிவா இருக்கு!"

"ஐ! ரேடியோன்னே நினைச்சுட்டார்!" என்று முந்திரி குதித்தாள்.

அப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "ஆனா கண்ணு, இந்தப் பாட்டை நான் எங்கே வேணா கேட்டுக்குவேன். உன் குரலைத்தான் எங்கேயும் கேக்க முடியாது. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கப்பல் கிளம்புது. அப்புறம் இருபது நாள் தண்ணிதான். போன் கீன் ஒண்ணும் கிடையாது. அதுக்குள்ளே நீ ரெண்டு வார்த்தை பேசி அனுப்பேன். பிறந்தநாள் அன்னிக்குக் கேட்டுக்குவேன்."

பதிவு முடிந்தது. முந்திரி குதிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு அக்கா குரல் மறந்துபோச்சா?" என்று கேட்டான் வால்.

"மறக்குமாடா? வேற யாரோ பாடறாங்கன்னு நினைச்சுட்டார். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஆனால் முந்திரிக்கு அது அவ்வளவுதானாக இல்லை. நாலு நாள் பயிற்சி, பதினெட்டுத் தடவை பதிவு. அத்தனைக்குள்ளும் அப்பாவுக்குத் தன் மகள் ஒரு துளிகூட அகப்படவில்லை.

"பேசியே அனுப்பிடேன்" என்றார் அம்மா.

"இல்லம்மா. பிறந்தநாளுக்குப் பாட்டுதான். நாளைக்குப் பாடறேன். என் குரல்லயே."

சொல்வது சுலபமாக இருந்தது.

மறுநாள் பள்ளி விடுமுறை. காலையில் பல் துலக்கியதும் முந்திரி அலமாரிக்குப் பக்கத்தில் நின்று வாயைத் திறந்தாள். நூல் குரல்தான் வந்தது. மறுபடி திறந்தாள். மறுபடியும் நூல். தொண்டை அந்த இறுக்கத்துக்கே பழகிவிட்டிருந்தது.

'சரி, நேர் எதிராகப் பாடிப் பார்க்கலாம்' என்று குரலைத் தடியாக்கிப் பாடினாள். நாடகத்தில் வரும் ராட்சசன் பாடுவதுபோல் இருந்தது. வால் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான்.

'என் குரல் எதுன்னு எனக்கே தெரியலையே!' என்று அவளுக்குத் திக்கென்றது. போனை எடுத்து, "என் பேரு முந்திரி. நான் அஞ்சாம் வகுப்புப் படிக்கிறேன்" என்று சும்மா பேசிப் பதிவுசெய்து கேட்டாள்.

"ஐயே! இதுவாம்மா என் குரல்?"

அம்மா பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். "அதேதான். நாங்க தினமும் கேக்கறோமே."

"இவ்வளவு தடியாவா?"

"தடியோ ஒல்லியோ, பிரிச்சுத் தைக்கிறதுக்கு அது என்ன சட்டையா? அந்தக் கத்திரியை எடு. இந்தக் கோட்டு நாலு மணிக்குள்ளே முடியணும்."

முந்திரி கத்திரியை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். மதியச் சாப்பாடு இறங்கவில்லை. மணி மூன்றாயிற்று, நாலாயிற்று. கோட்டுக்காரர் வந்து கோட்டை வாங்கிக்கொண்டு போனார். போகும்போது வாசலில் எதிலோ தடுக்கி விழப்பார்த்தார்.

"வால்! வாசல்ல என்னடா வெச்சிருக்கே? போய்ப் பாரு முந்திரி" என்று அம்மா உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

முந்திரி போய்ப் பார்த்தாள். வாசற்படியில் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர். ஒரு தட்டில் இரண்டு பிஸ்கட். பக்கத்தில், அம்மாவின் வெட்டுத்துணிகளை அடுக்கிச் செய்த குட்டிப் படுக்கை. வால் அதன் அருகே குந்தியிருந்தான்.

"என்னடா இது? பூனை ஏதாவது வந்துச்சா?"

"பூனை இல்லக்கா. லாவானத்துக்கு."

"எதுக்கு?"

"லாவானத்துக்கு! நீதானே தினமும் கூப்பிடறே? 'வாசலில் லாவானமே, வந்து கொஞ்சம் நில்லு'ன்னு. அவ்வளவு கூப்பிட்டா அது வராதா? வந்தா அதுக்குப் பசிக்காதா?"

முந்திரிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் வாலின் கீழுதடு பிதுங்குவதைப் பார்த்தாள். சட்டென்று வாயை மூடிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"லாவானம் எப்படி இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வால் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். படத்தில் ஆறு கால்களும் இரண்டு தும்பிக்கைகளும் கொண்ட ஒரு பிராணி பல் தெரியச் சிரித்தது.

"அதுக்குக் கூச்சம் ஜாஸ்தி. அதான் வந்து கொஞ்சமா நிக்கும். ரொம்ப நேரம் நிக்காது" என்றான்.

முந்திரி போனை எடுத்துப் பாட்டைப் போட்டுக் கேட்டாள். பாடகி 'வாசலில்' என்று பாடி, ஒரு மூச்சு வாங்கி, 'லாவானமே' என்று இழுத்தார். வால் சொன்னது சரிதான்! அந்த மூச்சையும் சேர்த்துத்தான் அவள் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறாள். என்ன பாடுகிறோம் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

"வால், கோவிச்சுக்காதே. லாவானம்னு ஒண்ணும் இல்லடா."

"இல்லையா?"

"பாட்டுல இல்லை. உன் படத்துல இருக்கு. பாட்டுல இருக்கறது வாசல் இல்லாத வானம். வாசலில்லா... வானமே. கேட்டியா?"

வால் யோசித்தான். "வானத்துக்கு ஏன் வாசல் இல்லை?"

"சுவர் இருந்தாத்தானே வாசல் வைப்பாங்க? வானத்துக்குச் சுவரே கிடையாது. நம்ம வீட்டு மேல இருக்கறதும் அதேதான், அப்பா கப்பல் மேல இருக்கறதும் அதேதான். நடுவுல யாரும் கதவைச் சாத்தவே முடியாது."

"அப்போ நாம வானத்தையா கூப்பிடறோம்? எதுக்கு?"

"கொஞ்சம் நில்லுன்னு சொல்றோம். தூரத்துல போனவங்ககிட்ட நான் சொன்னதைப் போய்ச் சொல்லுன்னு கேக்கறோம்."

"தூரத்துல போனவங்கன்னா யாரு?"

முந்திரி வாயைத் திறந்தாள். எந்தக் கேள்விக்கும் முந்திக்கொண்டு வரும் பதில், இந்தக் கேள்விக்கு வரவில்லை.

"அப்பாதானே?" என்றான் வால்.

"ம்" என்றாள் முந்திரி.

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே வானம் வெளுத்த நீலமாக, மேகமில்லாமல் கிடந்தது.

"அக்கா, அப்போ சரியாச் சொல்லு. நீ நடுவுல மூச்சு வாங்கினா வானத்துக்கும் லாவானம்னுதான் கேக்கும்."

முந்திரி வானத்தைப் பார்த்தாள். "வாசலில்லா வானமே" என்று சொன்னாள். பாடவில்லை, சொன்னாள். "வந்து கொஞ்சம் நில்லு." கடைக்குப் போகிற ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்துவதுபோலச் சொன்னாள்.

இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை சொற்கள் தாமாகவே கொஞ்சம் நீண்டன. மூன்றாவது தடவை அது பேச்சா பாட்டா என்று அவளுக்கே தெரியவில்லை. எப்போது மெட்டு வந்து சேர்ந்துகொண்டது என்றும் தெரியவில்லை.

பாட்டு தாழ்வாக இருந்தது. ரேடியோவில் வருவதைவிட வெகு கீழே, அவள் பேசுகிற இடத்திலேயே தொடங்கியிருந்தது. 'தூரத்திலே' என்னும்போது கரகரப்பு லேசாக எட்டிப் பார்த்தது. 'சொல்லு' வந்தது. பாடகி அங்கே மொட்டைமாடிவரை ஏறுவார். முந்திரியின் குரல் இரண்டு படி ஏறியது, அங்கேயே நின்றுகொண்டது. நடுங்கவில்லை. அவள் குதிகாலும் தரையில்தான் இருந்தது.

வால் லாவானத்தின் பிஸ்கட்டை எடுத்துத் தின்னத் தொடங்கியிருந்தான்.

"அக்கா, இது நல்லா இருக்கு."

"எது? பிஸ்கட்டா?"

"இல்ல. நீ."

அப்போதுதான் முந்திரி கவனித்தாள். உள்ளே தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றுபோயிருந்தது. அம்மா கையில் துணியோடு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"மணி நாலே முக்கால் ஆச்சு" என்றார் அம்மா. "பதினெட்டுத் தடவைக்கெல்லாம் நேரமில்லை, முந்திரி."

"ஒரு தடவை போதும்மா."

வாசற்படியிலேயே உட்கார்ந்தபடி, போனை மடியில் வைத்துக்கொண்டு பாடினாள். அப்பாவின் முகத்தை நினைத்துக்கொண்டாள். எண்ணெய்க் கறை படிந்த சட்டை, சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் குழி விழும் கன்னம். மூன்றாவது வரியில், 'தூரத்திலே' என்ற இடத்தில் அவள் குரல் லேசாக உடைந்தது. ஒரு நொடி நின்றாள். ஒரு மூச்சு வாங்கினாள். அப்புறம் மீதியைப் பாடி முடித்தாள்.

முடித்த மறுநொடி வால் போனில் வாயை வைத்து, "அப்பா! லாவானம் இல்லையாம்! எனக்கு அப்பவே தெரியும்!" என்று கத்தினான்.

"டேய்!"

"திரும்பப் பாடறியா? இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்றார் அம்மா.

முந்திரி பதிவைக் கேட்டாள். குரல் உடைந்த இடம் உடைந்த மாதிரியேதான் இருந்தது. வால் கத்தியதும் கத்தியபடியே இருந்தது. நேற்றாக இருந்தால் உடனே அழித்திருப்பாள். இன்று அவளுக்கு அழிக்க மனம் வரவில்லை. அந்த இடத்தில் அப்பாவை நினைத்தது பொய்யில்லையே?

"வேண்டாம்மா. இதுவே போகட்டும்."

அனுப்பினாள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று போன் காட்டியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது ஒரு பதில் வந்தது. மொத்தமே மூன்று நொடி.

"முந்திரி..." என்றது அப்பாவின் குரல். பின்னால் கப்பலின் சங்கு நீளமாக ஊதியது. அவ்வளவுதான்.

அப்புறம் இருபது நாள் தண்ணீர்தான்.

அந்த நாள்கள் எப்போதும்போலத்தான் போயின. முந்திரி பள்ளிக்குப் போனாள், வந்தாள். தட்டுக் கழுவும்போது பாடினாள். பட்டன்களை நிறம் பிரித்துப் போடும்போது பாடினாள். வேறு பாட்டுகளையும் பாடினாள். முதலில் வரிகளைப் பேசிப் பார்ப்பாள், அப்புறம் பாடுவாள். ஒருநாள் தபால்காரர் வந்து கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "உங்க பொண்ணாம்மா பாடறது?" என்றார். ரேடியோவா என்று கேட்டதைவிட இது முந்திரிக்கு இனித்தது.

இருபத்தோராம் நாள் காலையில் போன் அடித்தது.

"முந்திரிக் கண்ணு!"

"அப்பா! பாட்டைக் கேட்டீங்களா? பிறந்தநாள் அன்னிக்கா?"

"பிறந்தநாள் அன்னிக்கா! நல்லாக் கேட்டே போ. வேலை முடிஞ்சு வந்ததும் தினம் ஒரு தடவை. சில நாள் ரெண்டு தடவை. மூணாவது வரியில நீ நிறுத்துவே பாரு, அங்கே நானும் நிறுத்திடுவேன்." அப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அப்புறம் இன்னொரு விஷயம். எங்க சமையல்காரருக்கும் இந்தப் பாட்டு பிடிச்சுப்போச்சு. வேற தேசத்துக்காரர். நம்ம பாஷையில ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. அர்த்தம் கேட்டார், சொன்னேன். அன்னிலேருந்து உன்னை மாதிரியே பாடணும்னு பிடிவாதமா இருக்கார். பக்கத்துலதான் நிக்கிறார். கேக்கறியா?"

போனில் கொஞ்சம் சலசலப்பு. அப்புறம் ஒரு விசித்திரமான கீச்சுக்குரல் வந்தது.

"வா... சலில்லா... வா... னமே..."

"யாருக்கா இது? பூனையா?" என்றான் வால்.

முந்திரி கூர்ந்து கேட்டாள். அவள் நீட்டிய இடத்தில் அந்தக் குரல் நீட்டியது. அவளுடைய கரகரப்பை எப்படியாவது கொண்டுவந்துவிட வேண்டும் என்று அங்கங்கே தொண்டையைத் தேய்த்தது. மூன்றாவது வரியில் அவள் உடைந்த அதே இடத்தில் முக்கி முனகி உடைந்தது. பாவம், எவ்வளவு பாடுபட்டிருப்பார்! இப்போது புருவம் அவர் நெற்றி உச்சியில் இருக்கும் என்று முந்திரிக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"அப்பா, அவர் பேசும்போது குரல் எப்படி இருக்கும்?"

"பேசினா இடி இடிக்கிற மாதிரி இருக்கும்மா. பாத்திரமெல்லாம் அதிரும்."

"அப்போ அந்தக் குரல்லயே பாடச் சொல்லுங்கப்பா."

அப்பா ஏதோ புரியாத பாஷையில் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு கூச்சச் சிரிப்பு. ஏதோ மறுத்துப் பேசுவது கேட்டது. அப்பா மறுபடி சொன்னார்.

அப்புறம் பாட்டு வந்தது.

அவ்வளவு பெரிய குரலை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. அது அவசரமில்லாமல், ஆழத்திலிருந்து எழுந்து வந்தது. போனுக்குப் பக்கத்திலிருந்த டப்பாவில் ஊசிகள் கிணுகிணுத்தன. அம்மா தையல் இயந்திரத்திலிருந்து காலை எடுத்துவிட்டார். வால் வாயைத் திறந்தபடி நின்றான்.

மூன்றாவது வரியில் அவர் நிறுத்தினார். முந்திரி நிறுத்திய இடத்தில் இல்லை. 'போனவர்க்கு' என்பதற்குப் பிறகு. கொஞ்சம் அதிக நேரமே நிறுத்தினார். அவருக்கும் தூரத்தில் யாரோ இருக்கிறார்கள் போலும்.

கடைசி வரி முடிந்தது.

"அப்பா," என்றாள் முந்திரி, "இன்னொரு தடவை பாடச் சொல்லுங்க."